எந்தப் புரோக்கர் மலிவு? பங்கு வாங்கப் போகிறவர்களின் கேள்விகள்

கொழும்புப் பங்குச் சந்தையில் ஒன்லைனில் பங்கு வாங்குவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: நானும் மனைவியும் வேலை செய்கிறோம். மாதம் 20,000 ரூபாய் பங்கில் போட யோசனை. பேஸ்புக்கில் ஆளுக்கொரு தரகரின் பெயரைச் சொல்கிறார்கள். ஆகக் குறைந்த கொமிஷன் எடுப்பவர் யார்? (வெள்ளவத்தை)

பதில்: ஒருவரும் இல்லை. எல்லாரும் ஒரே விலைதான். 10 கோடி ரூபாய் வரையான கொடுக்கல்வாங்கலுக்குத் தரகுக் கூலி 0.64 சதவீதம் என்று சந்தையின் கட்டண அட்டவணையிலேயே இருக்கிறது. பெரிய வங்கியின் துணை நிறுவனத்திடம் போனாலும், இரண்டாம் மாடியில் நான்கு மேசை போட்டு நடத்தும் சிறிய தரகரிடம் போனாலும் அதே 0.64. நீங்களே கைபேசியில் தட்டி வாங்கினாலும் தரகரின் ஆலோசகருக்கு போன் எடுத்து வாங்கச் சொன்னாலும் அதே 0.64. 10 கோடிக்கு மேல் ஒரே கொடுக்கல்வாங்கல் செய்கிறவர்கள்தான் 0.20 சதவீதம்வரை பேரம் பேசி இறக்கலாம். உங்களையும் எங்களையும் அது தொடாது.

அந்த 0.64 உடன் வேறு நான்கு தொகைகளும் சேரும். 100,000 ரூபாய்க்கு வாங்கினால் உங்கள் வாங்கல் குறிப்பில் வரிசையாக இப்படித் தெரியும்: தரகருக்கு 640 ரூபாய், பங்குச் சந்தைக்கு 84, மத்திய வைப்பகமான சீடிஎஸ்ஸுக்கு 24, சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு 72, பங்குக் கொடுக்கல்வாங்கல் தீர்வையாக அரசாங்கத்துக்கு 300. மொத்தம் 1,120 ரூபாய், அதாவது 1.12 சதவீதம். விற்கும்போது இன்னொரு தடவை அதே 1.12.

ஆகவே வாங்கிய விலைக்கே விற்றால் இலட்சத்துக்கு 2,240 ரூபாய் கையைவிட்டுப் போகும். கைக்காசு போகாமல் வெளியே வர விலை சுமார் 2.27 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். 20 ரூபாய்ப் பங்கை எடுங்கள். 1,000 பங்குக்குச் செலவோடு 20,224 கட்டுகிறீர்கள். 20.40க்கு விற்றால் கையில் வருவது 20,171.52, திரையில் 40 சதம் இலாபம், உண்மையில் 52 ரூபாய் நட்டம். 20.50க்கு விற்றால்தான் 46 ரூபாய் மிஞ்சும். பல தளங்களில் உங்கள் பங்குகளின் பட்டியலில் 'செலவு ஈடாகும் விற்பனை விலை' என்று தனி நிரல் இருக்கும். சராசரி விலையை விட்டு அந்த நிரலைப் பார்க்கப் பழகுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. எல்லாம் சதவீதக் கணக்கு. மாதாமாதம் 20,000 போட்டால் தடவைக்கு 224, வருடத்துக்கு 2,688. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 60,000 ஆகச் சேர்த்துப் போட்டாலும் வருடத்துக்கு அதே 2,688. ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று சில்லறையாகவும் வாங்கலாம். ஆகவே செலவை மிச்சம்பிடிக்கக் காசைச் சேர்த்துவைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: சென்னையில் இருக்கும் மச்சான் கொமிஷனே கட்டாமல் பங்கு வாங்குகிறார். அமெரிக்காவிலும் அப்படித்தானாம். இங்கே மட்டும் ஏன் இவ்வளவு? (கொட்டாஞ்சேனை)

பதில்: மச்சான் சொல்வது சரி. இந்தியாவில் ஸெரோதா போன்ற கழிவுத் தரகர்கள், வாங்கிக் கையில் வைத்திருக்கும் பங்குக்குத் தரகுக் கூலி எடுப்பதில்லை. ஆனாலும் செலவு இல்லை என்று ஆகிவிடாது. வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி, வாங்கும்போது 0.015 சதவீத முத்திரைத் தீர்வை, விற்கும்போது வைப்பகக் கட்டணம் என்று அங்கும் பட்டியல் உண்டு. என்றாலும் இலட்சத்துக்குச் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். அமெரிக்காவில் 2019 ஒக்டோபரில் சார்ல்ஸ் ஷ்வாப் கொமிஷனைப் பூச்சியமாக்கியதும் மற்றப் பெரிய தரகர்களும் பின்னால் வந்தார்கள். ரொபின்ஹூட் போன்றவை வாடிக்கையாளரின் வாங்கல், விற்பனைக் கட்டளைகளைப் பெரிய சந்தை வணிகர்களிடம் (எப்போதும் வாங்கவும் விற்கவும் தயாராக நிற்கும் நிறுவனங்களிடம்) அனுப்பி, அவர்களிடமிருந்து காசு பெறுகின்றன. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும் பட்டியலில் அது வராது.

இங்கே பட்டியலிட்ட கம்பனிகள் 300க்கும் குறைவு. ஒரு நாளில் பத்துப் பங்கு மட்டும் கைமாறும் கம்பனிகளும் அவற்றில் உண்டு. பூச்சியக் கட்டணத்தைக் கோடிக்கணக்கான கட்டளைகளில் ஈடுகட்டும் வியாபாரம் இந்த அளவுக்குள் நடக்காது. போதாதற்கு 1.12இல் 0.48 தரகருக்கே போவதில்லை. அவர் கூலியை முழுதாக விட்டுக்கொடுத்தாலும் அந்த 0.48 நின்றுகொண்டுதான் இருக்கும். நமது சந்தையில் வரவைத் தின்பது அடிக்கடி மாற்றுவது. ஒரு இலட்சத்தை மாதம் ஒருமுறை வாங்கி விற்றுப் புரட்டினால் வருடத்துக்குச் செலவு மட்டும் 26,880 ரூபாய். நிலையான வைப்பில் போட்டிருந்தால் கிடைக்கும் வட்டியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு சிறு ஆறுதல்: 0.3 சதவீதத் தீர்வையைக் கட்டுவதற்கு எதிராக, பட்டியலிட்ட பங்கை விற்று வரும் மூலதன ஆதாயத்துக்கு வருமானவரி விலக்கு இருக்கிறது. பங்கிலாபத்தில் 15 சதவீதத்தைக் கம்பனியே கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும்.

கேள்வி: எல்லாரும் ஒரே விலை என்றால் எதை வைத்துத் தெரிவு செய்வது? (பம்பலப்பிட்டி; இதே கேள்வி தெஹிவளை, வத்தளை, மட்டக்குளியிலிருந்தும்)

பதில்: கட்டண அட்டவணையில் வராத செலவுகளை வைத்து. அவைதான் தரகருக்குத் தரகர் மாறும்.

முதலில் காசு வெளியே வரும் வேகம். நமது சந்தையில் கணக்குத் தீர்ப்பது ரி+2: திங்கட்கிழமை விற்றால் புதன்கிழமை பணம் உங்கள் பெயரில் தரகரிடம் வந்து சேரும். அங்கிருந்து உங்கள் வங்கிக்கு வருவதில்தான் வித்தியாசம். சிலர் தளத்திலேயே 'பணம் எடுத்தல்' பொத்தான் வைத்திருப்பார்கள், அன்றே வந்துவிடும். சிலரிடம் மின்னஞ்சல் எழுத வேண்டும், 11 மணிக்குப் பின் வந்த வேண்டுகோள் மறுநாள்தான் என்பார்கள். கணக்குத் திறந்து 10,000 ரூபாய் போட்டு, ஒன்றும் வாங்காமல் 5,000ஐத் திருப்பி எடுத்துப் பாருங்கள். எத்தனை நாள், எத்தனை போன் என்று எண்ணிவிட்டு அதற்குப் பிறகு மிச்சத்தைப் போடுங்கள். இதைவிடச் சுருக்கமான பரீட்சை கிடையாது.

அடுத்தது தளம். இங்குள்ள தரகர்களில் பலர் ஏட்ரேட், டிரெக்ட்எஃப்என் என்ற இரண்டில் ஒன்றைத்தான் தங்கள் பெயர் ஒட்டித் தருகிறார்கள். அதனால் "எங்கள் செயலி தனி" என்ற விளம்பரத்துக்குப் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டாம். எதைக் கேட்க வேண்டுமென்றால்: கேட்பு, கொடுப்பு விலைகளின் ஆழம், அதாவது வாங்கவும் விற்கவும் காத்திருப்பவர்களின் விலை வரிசை, எத்தனை படிவரை தெரியும்? விலை உயிரோட்டமாக ஓடுமா, பிந்தி வருமா? அதற்குத் தனிக் கட்டணமா? போட்ட கட்டளையைக் கைபேசியிலிருந்தே திருத்த முடியுமா? சந்தை காலை 9.30க்குத் திறந்து 2.30க்கு மூடும். பரபரப்பான நாளில் முதல் பத்து நிமிடம்தான் தளங்கள் திணறும் நேரம். ஒத்திகைக் கணக்கு தரச்சொல்லி அந்த நேரத்தில் நுழைந்து பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பார்த்தால் எல்லாத் தளமும் வழுக்கிக்கொண்டுதான் ஓடும்.

தளம் விழுந்தால் போனில் கட்டளை கொடுக்க வேண்டி வரும். அந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கி, ஒரு வேலைநாள் காலை 9.35க்கு அழையுங்கள். யாராவது எடுக்கிறார்களா, எடுப்பவர் தமிழில் பேசுவாரா, உரையாடல் பதிவாகிறதா என்று பாருங்கள். பதிவாவது உங்களுக்குத்தான் நல்லது. "நான் 500 என்றேன், நீங்கள் 5,000 வாங்கிவிட்டீர்கள்" என்ற தகராறு வந்தால் தீர்த்துவைப்பது அந்த ஒலிப்பதிவுதான். ஆலோசகரின் சொந்தக் கைபேசிக்கு வட்ஸ்அப்பில் கட்டளை அனுப்பும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அவர் நாளைக்கு வேறு கம்பனிக்குப் போனால் உங்கள் சாட்சியும் அவரோடு போய்விடும்.

கடன் வட்டி. இதில்தான் பலருக்கு அடி விழுகிறது. கணக்கில் 50,000 இருக்க, தளம் 80,000க்கு வாங்க விடும்; மிச்சம் 30,000ஐக் கணக்குத் தீர்க்கும் நாளுக்குள் கட்டாவிட்டால் தாமத வட்டி ஓடத் தொடங்கும், இன்னும் இழுத்தால் உங்களைக் கேட்காமலே பங்கை விற்றுக் கடனை எடுத்துக்கொள்வார்கள். கணக்குத் திறக்கும் படிவங்களின் நடுவே கடன் வசதி ஒப்பந்தம் ஒன்றும் இருக்கும்; மற்றவற்றோடு அதற்கும் கையொப்பம் வைத்துவிடுவோம். வேண்டாம் என்றால் அதை ஒப்பமிடாமல் கொடுத்து, "கையிலுள்ள காசுக்கு மட்டும் வாங்க விடுங்கள்" என்று எழுத்தில் சொல்லுங்கள். வேண்டுமென்றால் வட்டிவீதம், எந்த நாளிலிருந்து ஓடும், கட்டாய விற்பனைக்கு முன் எப்படி அறிவிப்பார்கள் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சுப் பதில் போதாது.

கையிருப்புக் காசு. பங்கு வாங்காமல் தரகரிடம் கிடக்கும் பணத்துக்கு வட்டி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேண்டியபோது மட்டும் அனுப்புங்கள்.

ஆய்வறிக்கை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய தரகர்கள் காலாண்டுக் கணக்கு வந்ததும் கம்பனி அறிக்கை எழுதுவார்கள். சிறியவர்கள் அன்றைய சந்தை நிலவரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கடைசியாக வந்த மூன்று அறிக்கைகளை அனுப்பச் சொன்னால் தரம் தெரிந்துவிடும். ஆலோசகரின் வருமானம் நீங்கள் வாங்கி விற்பதில் தங்கியிருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. "இதை விற்று அதற்கு மாறுங்கள்" என்று அவர் சொன்னால் 2.24 சதவீதத்தைக் கழித்த பிறகும் அந்த மாற்றம் தேவைதானா என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: தரகர் கம்பனி மூடப்பட்டால் என் பங்குகள் போய்விடுமா? வங்கியோடு சேர்ந்த தரகர் பாதுகாப்பா? (கிருலப்பனை)

பதில்: பங்குகள் போகாது. அவை சீடிஎஸ்ஸில் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் இருக்கின்றன. தரகர் அந்தக் கணக்குக்கு வாசல் மட்டுமே. ஆபத்து காசுக்குத்தான். அது தரகரின் வாடிக்கையாளர் கணக்கில் கிடக்கும். வங்கிக் குழுமத்துத் தரகர் என்றால் மனத்துக்குத் தெம்பு, அவ்வளவுதான். ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்துப் பட்டியலில் பார்ப்பது அதைவிட முக்கியம்.

ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். சீடிஎஸ் ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலுக்கும் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலில் கூற்றும் அனுப்பும். படிவத்தை அவசரமாக நிரப்பும்போது ஆலோசகர் தன் மின்னஞ்சலையோ அலுவலக இலக்கத்தையோ போட்டுவிடுவதுண்டு. அப்படியானால் உங்கள் கணக்கில் நடப்பது உங்களுக்கே தெரியாது. முதல் பங்கு வாங்கிய அன்று மாலைக்குள் செய்தி வராவிட்டால், அடுத்த நாளே உங்கள் தொடர்பு விபரங்களைச் சரிபாருங்கள். சீடிஎஸ்ஸின் இணைய வாசலில் நேரடியாகப் பதிந்துகொண்டால் தரகரின் தளத்தை நம்பாமலே உங்கள் இருப்பைப் பார்க்கலாம்.

கேள்வி: கணக்குத் திறக்கக் கோட்டைக்குப் போகவேண்டுமா? (ஹெந்தளை)

பதில்: வேண்டாம். 2020 செப்டெம்பரிலிருந்து பங்குச் சந்தையின் கைபேசிச் செயலி வழியாகவே சீடிஎஸ் கணக்குக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், வதிவிடச் சான்றாக அண்மைய மின்சார அல்லது தொலைபேசிப் பில், உங்கள் பெயரிலான வங்கிக் கணக்கு விபரம் தயாராக இருக்கட்டும். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: பில் அப்பாவின் பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ இருப்பது, அடையாள அட்டைப் படத்தில் வெளிச்சம் அடித்து இலக்கம் மறைவது, வங்கிக் கணக்கில் முதலெழுத்துகள் வேறுமாதிரி இருப்பது. தமிழ்ப் பெயர்களில் இந்த மூன்றாவது அடிக்கடி வரும். அடையாள அட்டையில் தந்தை பெயர் முன்னால், வங்கியில் பின்னால். வங்கியைத் திருத்தச் சொல்வதுதான் சுலபம். அப்படியே விட்டால் நாளைக்குப் பங்கிலாபம் வரவாகாமல் திரும்பிப் போகும்.

நேரில் போக விரும்பினால் பங்குச் சந்தை உலக வர்த்தக மையத்தின் மேற்குக் கோபுரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் கிளை உண்டு. ஊரிலுள்ள பெற்றோருக்குத் திறக்க அது வசதி.

கேள்வி: 20.30 என்று கடைசி விலை காட்டியது. 1,000 பங்குக்குக் கட்டளை போட்டேன். 21.25 சராசரியில் வாங்கியிருக்கிறது. தளம் ஏமாற்றுகிறதா? (வெள்ளவத்தை)

பதில்: 'சந்தை விலை' என்ற வகையைத் தெரிவு செய்திருப்பீர்கள். அந்த வகைக் கட்டளை, விற்க வந்தவர்களின் வரிசையைக் கீழிருந்து மேலாக அள்ளிக்கொண்டு போகும். வரிசை இப்படி இருந்திருக்கும்: 300 பங்கு 20.30க்கு, 200 பங்கு 20.80க்கு, அடுத்தவர் 1,500 பங்கு 22.00க்கு. உங்கள் 1,000 இல் முதல் 300க்கு 6,090, அடுத்த 200க்கு 4,160, மிச்சம் 500க்கு 11,000. கூட்டினால் 21,250. கடைசி விலைக்கே கிடைத்திருந்தால் 20,300. அதிகமாகக் கொடுத்தது 950 ரூபாய். தரகர் எடுத்த கூலி 136 ரூபாய். மலிவான தரகரைத் தேடி அலைகிறவர்கள் இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எப்போதும் 'எல்லை விலை' போடுங்கள், அதாவது இந்த விலைக்கு மேல் வாங்காதே என்ற கட்டளை. எப்படியென்றால், ஆழத்தைத் திறந்து கேட்பு, கொடுப்பு இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். வாங்குபவர் 20.00, விற்பவர் 20.30 என்றால் இடைவெளி ஒன்றரைச் சதவீதம். 100 ரூபாய்க்குக் கீழான பங்கின் விலை பத்துச் சதப் படிகளில் நகரும். 20.10க்குப் போட்டுக் காத்திருந்தால் வரிசையில் முதல் ஆளாகிறீர்கள். கிடைத்தால் 20 சதம் மிச்சம். 1,000 பங்கில் அது 200 ரூபாய், முழுத் தரகுக் கூலியையும் விட அதிகம். கிடைக்காவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம். நீண்டகாலத்துக்கு வாங்குகிறவருக்கு ஒரு நாளில் ஒன்றும் குடிமுழுகாது. கட்டளையின் ஆயுளையும் கவனியுங்கள். 'நாள்' என்றால் 2.30க்குச் செத்துவிடும். 'ரத்துச் செய்யும்வரை' என்று போட்டுவிட்டு மறந்தால், கம்பனி மோசமான கணக்கு வெளியிட்டு விலை விழும் அன்றைக்குச் சரியாக வந்து பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு வழுக்கல்: பங்குக் குறியீட்டின் வால். 'என் 0000' என்று முடிவது வாக்குரிமையுள்ள சாதாரண பங்கு. 'எக்ஸ் 0000' வாக்குரிமையற்றது. கொமர்ஷல் வங்கி, ஹற்றன் நஷனல் வங்கி, செலான் வங்கி மூன்றுக்கும் இரண்டு வகையும் உண்டு. எக்ஸ் பொதுவாக விலை குறைவு. பங்கிலாபத்துக்காக மட்டும் வாங்குகிறவர்கள் தெரிந்தே அதை எடுப்பதுண்டு. தெரியாமல் எடுத்துவிட்டு மாற்ற நினைத்தால் மறுபடி 2.24 சதவீதம்.

கேள்வி: இப்போதுள்ள தரகர் போனே எடுப்பதில்லை. மாற விரும்புகிறேன். எல்லாவற்றையும் விற்றுவிட்டுத்தான் போகவேண்டுமா? (தெஹிவளை)

பதில்: விற்கவே வேண்டாம். விற்று மறுபடி வாங்கினால் இலட்சத்துக்கு 2,240 ரூபாய் வீண். புதிய தரகரிடம் கணக்குத் திறந்தால் உங்கள் சீடிஎஸ் வாடிக்கையாளர் இலக்கம் அப்படியே இருக்கும், முன்னாலுள்ள தரகர் குறியீடு மட்டும் மாறும். பிறகு பழைய கணக்கிலிருந்து புதியதற்குப் பங்குகளை மாற்றச் சொல்லிக் கோரிக்கைப் படிவம் கொடுங்கள். எந்தக் கம்பனி, எத்தனை பங்கு என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். "எல்லாம்" என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள்.

தடைப்படுவது இரண்டு இடத்தில். தீர்க்காத கொடுக்கல்வாங்கலோ ஒரு ரூபாய் பாக்கியோ இருந்தால் பழைய தரகர் விடமாட்டார்; கூற்று எடுத்துப் பூச்சியமாக்கிவிட்டு விண்ணப்பியுங்கள். கடனுக்கு வாங்கிய பங்குகள், கடன் கொடுத்தவர் பெயரும் உங்கள் பெயரும் சாய்கோட்டால் இணைந்த கணக்கில் இருக்கும். அவர் விடுவித்தால்தான் நகரும். மாறிய பிறகு புதிய தளத்தில் உங்கள் வாங்கிய விலை தெரியாது. பூச்சியமாகவோ மாற்றிய நாளின் விலையாகவோ காட்டும். பழைய தளத்தின் கடவுச்சொல் மூடுமுன் வாங்கல் குறிப்புகள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமை வழங்கல் (ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குப் புதிய பங்கு வாங்கும் உரிமையைக் கம்பனி கொடுப்பது) ஒன்று நடந்துகொண்டிருக்கும் நாட்களில் மாறவேண்டாம். கடிதம் பழைய இடத்துக்கும் பங்கு புதிய இடத்துக்கும் போய், கடைசித் தேதி தவறும். உரிமைகள் 'ஆர் 0000' என்ற குறியீட்டில் சில நாள் மட்டும் சந்தையில் ஓடும். அதற்குள் விற்காமலும் காசு கட்டாமலும் விட்டால் அவற்றுக்கு மதிப்பே இல்லை. நல்ல தரகர் இதற்கு முன்கூட்டியே போன் எடுப்பார். உங்களவர் எடுக்காததுதானே பிரச்சினை.

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கும் தம்பி இங்கே பங்கு வாங்க எனக்குக் காசு அனுப்பட்டுமா என்கிறான். என் பெயரில் வாங்கிக் கொடுக்கலாமா? (பம்பலப்பிட்டி)

பதில்: வேண்டாம் அக்கா. உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வந்து உங்கள் பெயரில் வாங்கிய பங்கு சட்டப்படி உங்களுடையது. நாளைக்கு அவர் காசைத் திருப்பிக் கொண்டுபோகக் கேட்டால் வங்கி கேள்வி மேல் கேள்வி கேட்கும். தம்பி தன் பெயரில் இங்குள்ள வர்த்தக வங்கி ஒன்றில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறக்கட்டும். கனடாவிலிருந்து காசு அதற்குள் வந்து, அதிலிருந்து தரகருக்குப் போய், விற்ற காசும் பங்கிலாபமும் அதற்கே திரும்பி வந்தால், தடையில்லாமல் வெளியே எடுக்கலாம். சீடிஎஸ் கணக்கும் அவர் பெயரில்தான். கடவுச்சீட்டுப் பிரதியை அங்குள்ள நொத்தாரிசோ இலங்கைத் தூதரகமோ சான்றுப்படுத்தச் சொல்லக்கூடும். யார் சான்று செல்லும் என்று அனுப்புமுன் தரகரிடம் கேட்டுவிடுங்கள். கூரியர் காசு இரண்டு தடவை போகாது.

அவர் தெரிவு செய்யும் தரகரிடம் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தனி ஆள் இருக்கிறாரா என்பதும் முக்கியம். ரொறன்ரோவில் இரவு பதினொன்று, பன்னிரண்டு மணிக்குத்தான் நமது சந்தை திறக்கும். கனடாவுக்கு வெளியே உள்ள சொத்துகளின் வாங்கல் விலை மொத்தம் 100,000 கனேடிய டொலரைத் தாண்டினால் அங்கே ரி1135 படிவம் நிரப்பவேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: இங்கிருந்துகொண்டு அமெரிக்கச் செயலியில் வாங்கலாமா? கிரெடிட் கார்ட்டில் காசு போட முடியும் என்கிறார்கள். (கொள்ளுப்பிட்டி)

பதில்: கார்ட்டில் போடாதீர்கள். இங்கு வதிகிறவர் வெளிநாட்டில் முதலீடு செய்வது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரும் மூலதனக் கொடுக்கல்வாங்கல். அதற்கு வங்கியில் வெளிமுக முதலீட்டுக் கணக்கு வேண்டும். எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பு அவ்வப்போது மாறும். வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: வட்ஸ்அப் குழுவில் ஒருவர் 'விஐபி தரகர் கணக்கு, கட்டணம் பாதி' என்கிறார். காசை ஒரு தனிப்பட்ட கணக்குக்குப் போடச் சொல்கிறார். நம்பலாமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: கட்டணம் பாதி என்றதிலேயே பொய் தெரிந்துவிட்டது. அட்டவணையில் பாதி கிடையாது. தரகருக்குப் போகும் காசு கம்பனியின் பெயரிலுள்ள வாடிக்கையாளர் கணக்குக்கு மட்டும். ஆலோசகரின் பெயரிலோ அவர் மனைவியின் பெயரிலோ உள்ள கணக்குக்கு ஒரு சதமும் போகக்கூடாது. ஏற்கெனவே போட்டிருந்தால் வங்கிக்கு உடனே அறிவித்து, பொலிஸ் முறைப்பாட்டோடு ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். அதன் அலுவலகம் உலக வர்த்தக மையத்தின் கிழக்குக் கோபுரத்தில். உண்மையான தரகர் மேலுள்ள மனக்குறை என்றால் முதலில் அவர்களுடைய இணக்கப்பாட்டு அதிகாரிக்கு எழுத்தில், பதில் வராவிட்டால் பங்குச் சந்தைக்கு, அதன் பிறகு ஆணைக்குழுவுக்கு. வாங்கல், விற்பனைக் குறிப்புகளையும் அந்த மாதத்துச் சீடிஎஸ் கூற்றையும் இணைக்காமல் அனுப்பினால், அவற்றைக் கேட்டு ஒரு கடிதம் வருவதிலேயே நாட்கள் போகும்.

சரியான கணக்குக்குப் போடும்போதும் குறிப்பு என்ற கட்டத்தில் உங்கள் வாடிக்கையாளர் இலக்கத்தை எழுதுங்கள். வெறும் பெயரை எழுதினால், அதே பெயரில் இன்னும் நாலு பேர் இருக்கும் தரகரிடம் உங்கள் காசு யாருடையது என்று தெரியாமல் இரண்டு நாள் கிடக்கும். அந்த இரண்டு நாளுக்கும் தாமத வட்டி உங்கள் கணக்கில்தான் விழும்.